தமிழர் கட்டத்தில் முதல் கோடு

ஜன்னல்

மலாக்கா ஆஸ்பத்திரியில் நான் வேலையில் சேர்ந்த முதல் நாள், சீஃப் கிளார்க் பொன்னம்பலம் என்னைப் பதிவு ஜன்னலுக்குப் பின்னால் இருந்த உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு நோயாளி கார்டை எடுத்துக் காட்டினார். பெயர், வயது, இனம், முகவரி, என்ன நோவு என்று ஐந்து கட்டங்கள்.

"பிள்ளை, ஆள் சொல்லுறதை எழுதும். நீர் யோசிச்சு ஒண்டும் எழுத வேண்டாம். ஒரு கட்டமும் காலியா இருக்கப்படாது. விளங்குதோ?"

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். குரல் கடுமையாக இருக்கும். ஆனால் மத்தியானம் மாங்காய்ச் சம்பல் கொண்டுவந்தால் எல்லோருக்கும் கொடுப்பார். விளங்கியது என்று தலையாட்டினேன். உண்மையில் எனக்கு எதுவும் விளங்கவில்லை. வீட்டில் விட்டுவந்த எட்டு மாதக் குழந்தை பால் குடித்தாளா, தூளியிலிருந்து புரண்டு விழுந்தாளா என்றுதான் மனம் ஓடிக்கொண்டிருந்தது.

மலாயாவுக்கு மெர்டேகா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. எனக்கு முன்னால் அந்த ஜன்னலில் சாமுவேல் என்பவர் பல வருடம் இருந்தார். அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். பெண்களும் குழந்தைகளும் நிறைய வருகிறார்கள், தமிழும் மலாயும் ஆங்கிலமும் தெரிந்த ஒரு பெண் இருந்தால் நல்லது என்று என்னை எடுத்தார்கள். நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ்.

வேலை எளிது. ஒருவர் சொல்லும் நோவை எழுதி, அதற்குரிய அறைக்கு அனுப்ப வேண்டும். காய்ச்சல், இருமல் என்றால் ஒன்றாம் அறை. காயம், மூட்டுவலி, இடுப்பு வலி என்றால் இரண்டாம் அறை. அங்கே காயத்துக்குக் கட்டுப்போடும் டிரசர் மருந்தெண்ணெய் கொடுப்பார். ஒன்றுக்குப் போவதில் தொல்லை என்றால் ஐந்தாம் அறை, டாக்டர் சியாவிடம். ஆக, நான் எழுதும் ஒரு வரிதான் ஒருவரை எந்தக் கதவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும். இதை அன்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டாம் என்றுதானே சொல்லியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிப் பணியாளர் மலரில் வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள்தான் அனுபவம் எழுதுவார்கள். நான் மூன்று வருடம்கூட முழுதாக வேலை பார்க்கவில்லை. இந்த மாதக் கடைசியோடு நிற்கிறேன். எனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வரும் பெண்ணுக்காக இதை எழுதுகிறேன். எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். எழுதலாம் என்றார். எந்த மொழியில் கேட்டேன் என்பது கடைசியில் புரியும்.

டீ

மாமா என்றால் என் கணவரின் அப்பா. ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்க அவர் பெயர்களைக் கூப்பிட்டால் கடைசி லயத்து வீடு வரை கேட்குமாம். மாமியார் இறந்த பிறகு எங்களோடு மலாக்கா டவுனில் காஜா பெராங்குக்கு வந்துவிட்டார். நான் வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது, தொட்டிலை ஆட்டிக்கொண்டே அவர் சொன்னது இதுதான்:

"மீனாக்குட்டி, ஒங்கம்மா போய்ட்டு வரட்டும். நாம ரெண்டு பேரும் வீட்டப் பாத்துக்குவோம், என்னா?"

எல்லாவற்றையும் குழந்தை வழியாகத்தான் பேசுவார். "மீனா, பால் பொங்கிருச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு." "மீனா, மழ வருது, துணி கெடக்குன்னு சொல்லு." நானும் அப்படியே. "மீனா, தாத்தாவ சாப்பிட வரச் சொல்லு." மீனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமாவும் நானும் நேருக்கு நேர் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணலாம். அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இதில் வருத்தம் எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் மரியாதை அப்படித்தான் இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களில் மாமா என் டீயைக் குடிப்பதை நிறுத்தினார்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்வது டீ. முன்பெல்லாம் ஒரு டம்ளர் குடித்து, இன்னொரு அரை டம்ளருக்கு டம்ளரை நகர்த்தி வைப்பார். இப்போது ஒரு வாய் குடித்துவிட்டு, நான் உள்ளே போனதும் மீதியைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிடுவார். வேரடியில் ஈரத்தைப் பார்த்துதான் கண்டுபிடித்தேன்.

டின் பால் அதிகமாகிவிட்டதோ என்று குறைத்தேன். தேயிலைத் தூளை மாற்றினேன். இஞ்சி போட்டேன், எடுத்தேன். ஆபீசுக்குப் போகிற மருமகளின் டீ பிடிக்கவில்லை, சொல்ல மனம் வராமல் ஊற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் கணவரிடம் சொன்னேன்.

"அப்பா டீயக் குடிக்காததுக்கு ஒரு பஞ்சாயத்தாலா? வெயிலுக்கு வேணாம்னு நெனச்சிருப்பாரு. நீ சும்மா மண்டயப் போட்டு ஒடச்சிக்காத" என்றார்.

செம்பருத்தி மட்டும் நன்றாகப் பூத்தது.

பெரிய தாள்

டாக்டர் சியா இளைஞர். சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்தவர். ஒருநாள் என் ஜன்னலுக்கு உள்பக்கமாக வந்து, கட்டம் போட்ட ஒரு பெரிய தாளை விரித்தார். மேலே வரிசையாக இனங்கள்: மலாய்க்காரர், சீனர், இந்தியர், யுரேசியர், மற்றவர்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். ஆண்களுக்கு மட்டும் மூத்திரப் பைக்கு அடியில் புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. வயதானால் பலருக்கும் அது வீங்கும். அது புற்றுநோய் அல்ல. சிலருக்குக் கல்லைப் போலக் கெட்டியாகும். அவர்களில் பலருக்கு அது புற்றுநோய். இந்தப் புற்றுநோய் சில நாட்டு ஆண்களுக்கு அதிகமாகவும் சில நாட்டு ஆண்களுக்குக் குறைவாகவும் வருகிறது என்று வெளிநாட்டு டாக்டர்கள் எழுதுகிறார்கள். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ரத்தமா, சாப்பாடா, வேறு எதுவுமா? "மலாக்காவில் எல்லா ஜாதி ஆண்களும் ஒரே வாசலில் வந்து நிற்கிறார்கள், மிசஸ் வேலு. நாம் எண்ணிப் பார்க்கலாமே" என்றார்.

ஐந்தாம் அறையில் அவர் பார்த்து, புற்றுநோய் என்று உறுதியானால் கார்டில் சிவப்புப் புள்ளி வைப்பார். நான் அந்தந்த இனத்தின் கீழே ஒரு கோடு போட வேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் வரைபடம் போடுவது போல அடிக்கோல் வைத்துச் சுத்தமாகப் போட்டேன்.

முதல் சந்தேகம் சிட்டிகளால் வந்தது. காஜா பெராங்கில் எங்கள் வீட்டைச் சுற்றி இருப்பவர்கள் அவர்கள். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருப்பவர்கள். கோயில், விபூதி, தமிழ்ப் பெயர் எல்லாம் உண்டு. பேசுவது மட்டும் மலாய். இவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது என்று பொன்னம்பலத்திடம் கேட்டேன்.

"அவையள் சாமி கும்பிடுறவைதானே. இந்தியன் எண்டு போடும். இதுக்கெல்லாம் எழும்பி வருவீரோ?"

போட்டேன். மாதங்கள் போயின. இந்தியர் கட்டத்திலும் மற்றவர்களைப் போலவே கோடுகள் சேர்ந்தன. தாளைக் கொடுக்க வேண்டிய நாள் வந்தபோது எனக்குப் பழைய சந்தேகம் திரும்ப வந்தது. சிட்டிகளையும் தோட்டத்திலிருந்து வந்தவர்களையும் ஒன்றாகப் போட்டது சரியா? யாரும் கேட்காமலே கார்டுகளை எடுத்து, முகவரியைப் பார்த்து, மலாய் பேசும் சிட்டிகள் ஒரு பக்கம், தமிழ் பேசுகிறவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்தேன்.

இந்தியர் கட்டத்தில் இருந்த கோடுகள் அத்தனையும் சிட்டிகள். தமிழ் பேசுகிற ஒருவர்கூட இல்லை.

டாக்டர் சியாவிடம் காட்டினேன். தாளைக் கையில் எடுத்தவர் உட்காரவே மறந்துவிட்டார்.

"ஒரே மூதாதையர், ஒரே தெய்வம். ஆனால் ஒரு கூட்டத்துக்கு வருகிறது, இன்னொரு கூட்டத்துக்கு வரவே இல்லை! சிட்டிகள் பெலாச்சான், அந்த இறால் விழுது, நிறையச் சாப்பிடுகிறார்கள், இல்லையா? உங்கள் வீட்டில் என்ன சமையல்? புளியா? மஞ்சளா?"

புளி, மஞ்சள், ரசம் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். இதைக் கட்டுரையாக எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பப்போவதாகவும், தாளைத் தயாரித்தது நான் என்று அதில் குறிப்பிடுவதாகவும் சொன்னார். அன்று சைக்கிள் ரிக்‌ஷாவில் வீட்டுக்குப் போகும்போது எனக்குத் தரையில் கால் படாதது போல இருந்தது. நம் ஆட்களுக்கு இந்த நோய் கிடையாது. அதற்கு என் ரசமும் ஒரு காரணம்!

வேலி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் அண்டைவீட்டுக்காரர் ஆறுமுகம் பிள்ளை. சிட்டி, மாமா வயது. டாக்டர் சியாவிடம் ஆபரேஷன் செய்துகொண்டு வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. தாளில் இருந்த கோடுகளில் ஒன்று அவர். இந்தப் பக்கம் மாமா, இடுப்பில் மீனா.

இருவருக்கும் எப்போதும் ஒரு சண்டை உண்டு. "பேரு ஆறுமுகம். ஆறு மொகத்துல ஒரு மொகத்துக்குக்கூட தமிழ் வரல" என்று மாமா மீனாவிடம் சொல்வார். அவருக்கு அது புரிந்துவிடும். "உன் மலாய் ரப்பர் பால் மாதிரி, இழுத்து இழுத்துத்தான் வருது" என்று மலாயில் திருப்பிக் கொடுப்பார்.

அன்று ஆறுமுகம் பிள்ளை ஆஸ்பத்திரிக் கதையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கென்சிங், கென்சிங் என்று மூச்சுக்கு ஒரு தடவை. ஒன்றுக்குப் போவதற்கு மலாயில் அதுதான் சொல். எப்படி அடைத்துக்கொண்டது, எப்படிக் குழாய் போட்டார்கள், இப்போது எப்படிக் குழாய்த் தண்ணீர் மாதிரி வருகிறது என்று கையால் காட்டிச் சிரித்தார். நான் வெட்கப்பட்டுக் கீரையோடு உள்ளே நகரப் பார்த்தேன்.

அப்போது மாமாவின் குரல், தாழ்ந்து:

"சாயா புன் சாமா."

எனக்கும் அப்படித்தான் என்று அர்த்தம்.

பிறகு அவர் சொன்னதையெல்லாம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒரு வருடமாக இருக்கிறதாம். தண்ணீர் குடித்தால் தொல்லை என்று குடிப்பதையே குறைத்துவிட்டாராம். மருமகள் போடும் நல்ல டீயை ஊற்ற வேண்டியிருக்கிறதாம்.

"நல்ல டீ" என்றுதான் சொன்னார்.

"உன் மருமகள்தானே ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுவது? சொல்ல வேண்டியதுதானே?" என்றார் ஆறுமுகம் பிள்ளை.

மாமா மீனாவின் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

இடுப்பு வலி

மறுநாள் ஆபீசில் என் கை எழுதியதே தவிர மனம் எதிலும் ஒட்டவில்லை. பதினோரு மணிக்குச் செமாபோக்கிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வேட்டி, தோளில் துண்டு. என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார், தாலியைப் பார்த்தார், பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னா செய்யுதுங்க ஐயா?"

"இடுப்பு வலிம்மா."

எழுதப்போன கை நின்றது. எத்தனை தடவை இதே பதிலை இதே மாதிரி தரையைப் பார்த்தபடி சொல்லக் கேட்டிருக்கிறேன்! மகள் வயதில், மருமகள் வயதில், தமிழ் பேசிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் தமிழில் அந்த வார்த்தையை எந்தப் பெரியவர் சொல்வார்? சிட்டிகளும் சீனர்களும் மலாய்க்காரர்களும் என்னிடம் மலாயில் பேசினார்கள். ஜன்னல் கிளார்க்கிடம் பேசுவது போலப் பேசினார்கள். நம் ஆட்கள் மட்டும் வீட்டுப் பெண்ணிடம் பேசினார்கள்.

மத்தியானம் சாப்பிடப் போகாமல் ரெக்கார்டு அறைக்குப் போனேன். சாமுவேல் காலத்துக் கார்டுகளை இறக்கிப் பார்த்தேன். தோட்டங்கள், தெங்கேரா, செமாபோக் என்று தமிழர்கள் இருக்கும் இடங்களின் முகவரிகள். நோவுக் கட்டத்தில் சாமுவேலின் சாய்ந்த கையெழுத்து: மூத்திரம் தடைபடுகிறது. மூத்திரத்தில் ரத்தம். ஐந்தாம் அறை. தமிழர்கள்தான், ஒருவர் இருவர் அல்ல.

பிறகு நான் சேர்ந்த நாளிலிருந்து எழுதிய கார்டுகளைப் பார்த்தேன். என் உருண்டை எழுத்தில் அழகழகாக: இடுப்பு வலி. இடுப்பு வலி. இரண்டாம் அறை. மருந்தெண்ணெய்.

நான் அடிக்கோல் வைத்து வரைந்த தாளில் தமிழர்களுக்கு அந்த நோய் இல்லாமல் போனதற்குக் காரணம் புளியும் அல்ல, மஞ்சளும் அல்ல. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுதான்.

அன்று மாலை கணவரிடம் அழுதே விட்டேன். அவர் அப்பாவிடம் கேட்டார். "ஒண்ணும் இல்லடா. நல்லாத்தான் இருக்கேன்" என்று மாமா எழுந்து போய்விட்டார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தால் வீட்டில் என் முகத்தைப் பார்ப்பாரா? மீனாவிடம் சொல்லி அனுப்பக்கூடிய சேதியா இது? இரண்டு நாள் இப்படியே போனது. அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

வரிசை நகர்ந்தபோது

மூன்றாம் நாள் வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். ஆறுமுகம் பிள்ளை. அவர் பிடியில், புதிதாக வெளுத்த வேட்டியோடு, மாமா. மீனாவை ஆறுமுகம் பிள்ளையின் வீட்டில் விட்டுவந்திருந்தார்கள்.

மாமா என்னைப் பார்த்ததும் வரிசையிலிருந்து விலகினார். ஆறுமுகம் பிள்ளை இழுத்து நிறுத்தினார். திரும்பவும் விலகினார். அன்று எனக்கு மாற்றாள் யாரும் இல்லை. வரிசை நகர்ந்து நகர்ந்து, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் முகம் வந்துவிட்டது.

என்னைப் பார்க்காமல், ஜன்னல் கம்பியைப் பார்த்துச் சொன்னார்: "இடுப்பு வலி. எண்ணெ இருந்தாக் குடு. போறேன்."

சொன்னதை எழுது, யோசிக்காதே என்பது விதி. இரண்டாம் அறை என்று எழுதி நீட்டியிருந்தால் அவர் நிம்மதியாகப் போயிருப்பார். நானும்தான். பேனாவைக் கீழே வைத்தேன். முகத்தை எப்படி வைத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை. அவரை அதுவரை பார்த்ததே இல்லாத கிளார்க் மாதிரி, மலாயில் கேட்டேன்.

"இஞ்சே, நாமா?"

ஐயா, உங்கள் பெயர் என்ன? அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து ஆறுமுகம் பிள்ளை, "பெயர்கூட மறந்துபோச்சா உனக்கு?" என்று மலாயில் கத்தினார். வரிசையில் இருந்த சீனக் கிழவர்கள் சிரித்தார்கள்.

மாமா தொண்டையைச் செருமினார். பெரட்டில் பதில் சொல்வது போல நிமிர்ந்து நின்றார். "கருப்பண்ணன். அனாக் ராமசாமி." ராமசாமியின் மகன்.

என் வாயால் ஒருபோதும் சொல்லாத பெயரைக் கையால் எழுதினேன். வயது கேட்டேன். மாமாவின் வயது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முகவரி கேட்டேன். என் வீட்டு முகவரியை எழுத்து எழுத்தாகச் சொன்னார். நானும் தெரியாதவள் போல எழுதிக்கொண்டேன். பிறகு மற்ற எல்லோரிடமும் கேட்கும் அதே கேள்வி, அதே குரலில்:

"இஞ்சே, சாக்கிட் அபா?"

என்ன நோவு?

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, முகத்தைத் திருப்பாமல், மெதுவாக:

"கென்சிங் சூசா."

ஒன்றுக்குப் போவது கஷ்டமாக இருக்கிறது.

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். ஒரு வருடம் என்றார். ரத்தம் வருகிறதா என்று கேட்டேன். "அடா. செடிகிட்." உண்டு, கொஞ்சம். எல்லாம் மலாயில். ஒரு சொல்கூடத் தமிழில் இல்லை. எழுத்துகள் கண்ணில் கலங்கின. ஆனாலும் ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை.

கார்டை நீட்டி, "பீலிக் லீமா" என்றேன். ஐந்தாம் அறை.

"தெரிமா காசி, இஞ்சே" என்று நன்றி சொன்னார் மாமா. என்னையும் இஞ்சே என்றுதான் சொன்னார். கார்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

முதல் கோடு

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் சியாவின் அறைக்குப் போனேன். சாமுவேலின் கார்டுகள் ஒரு கட்டு, என்னுடைய கார்டுகள் ஒரு கட்டு. நடந்ததைச் சொன்னேன். கட்டுரையை நான் கெடுத்துவிட்டேன், மன்னியுங்கள் என்றேன்.

அவர் நிறைய நேரம் கார்டுகளைப் புரட்டினார். பிறகு, "நான் பெலாச்சானைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்" என்று மட்டும் சொன்னார். கொஞ்சம் கழித்து இன்னொன்று சொன்னார். அதை வரும் பெண் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

"இனத்துக்கு இனம் வித்தியாசம் உண்மையாகவே இருக்கலாம், மிசஸ் வேலு. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தாளில் இருப்பது யாருக்கு நோய் வந்தது என்பதல்ல. யார் வாய்விட்டுச் சொன்னார்கள் என்பது."

இன்னொன்றும் சொன்னார், அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. இந்தப் புற்றுநோய் முற்றினால் முதுகெலும்புக்குப் போகுமாம். அவர்களில் சிலருக்கு இடுப்பு வலி பொய்யாக இருந்திருக்காது.

இடுப்பு வலி என்று நான் எழுதிய வயதானவர்கள் எல்லோருக்கும் கடிதம் போட்டோம். சிலர் வந்தார்கள். பெரும்பாலோருக்கு வெறும் இடுப்பு வலிதான். சிலருக்குச் சாதாரண வீக்கம். ஒரு கடிதம், பெற்றுக்கொள்ள ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அதை நான் மேசை இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன். அது யாருடைய தவறு என்று நினைத்துப் பார்ப்பேன். விடை கிடைத்ததில்லை.

மாமாவின் கார்டு சிவப்புப் புள்ளியோடு வந்தது.

சிட்டிகளுக்கும் தமிழர்களுக்கும் தனித்தனியாகக் கட்டம் போட்டு ஒரு புதிய தாள் தயாரித்திருந்தேன். தமிழர் கட்டத்தில் முதல் கோட்டை அன்று போட்டேன். அடிக்கோல் எடுக்கவில்லை. கோடு கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறது.

ஆபரேஷன் நடந்தது. பிறகு மாத்திரைகள். அந்த மாத்திரைகளால் உடம்பில் சில மாற்றங்கள் வந்தன. அவற்றை மாமா வேலியோரம் ஆறுமுகம் பிள்ளையிடம் மட்டும் பேசினார். நான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டேன். நோயைப் பிடித்து நிறுத்தியிருக்கிறோம், விரட்டிவிட்டோம் என்று சொல்லமாட்டேன் என்று டாக்டர் சியா என் கணவரிடம் சொன்னார். நாங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. கட்டுரையை அவர் அனுப்பவில்லை. இன்னும் பல வருடம் சரியாகக் கேட்டு எண்ணிய பிறகு பார்க்கலாம் என்றார்.

பொன்னம்பலத்திடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். வயதான ஆண்களிடம் ஜன்னலில் நோவு கேட்க வேண்டாம். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு உள்ளே டிரசரிடம் அனுப்பிவிடலாம், அவர் ஆண், கதவைச் சாத்திக் கேட்பார் என்றேன். காலிக் கட்டம் என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் சொன்னது?"

"நீங்க சொன்னதைத்தான் சார் செஞ்சேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். "சரி பிள்ளை. காலியா விடும்" என்றார். பிறகு தணிந்த குரலில், "எனக்கும் வயசு போகுது" என்றார்.

வரும் பெண்ணே, உனக்கு நான் விட்டுப்போகும் பாடம் இவ்வளவுதான். ஒரு கட்டத்தில் ஒருவருமே இல்லையென்றால், அந்த மக்களுக்கு நோய் இல்லை என்று சந்தோஷப்படுவதற்கு முன், அவர்களிடம் யார் கேட்டது, எப்படிக் கேட்டது என்று பார். கேட்டது நீயாக இருக்கலாம். ஒருவர் சொல்ல முடியாமல் தவித்தால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

இன்னொரு சேதி

நான் ஏன் வேலையை விடுகிறேன் என்று எல்லோருக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். வீட்டில் அதைச் சொன்ன கதையோடு முடிக்கிறேன்.

இரண்டாவது குழந்தை என்று தெரிந்ததும் நான் முதலில் பட்டது சந்தோஷம் அல்ல, கவலை. மாமாவின் உடம்பு இப்படி இருக்கும்போது இன்னொரு கைக்குழந்தையா? வேலை போனால் என்ன ஆகும்? வேலையில் இருந்தால் என்ன ஆகும்? கணவரிடம்கூடச் சொல்லாமல் பத்து நாள் மறைத்தேன். காலையில் வாந்தி எடுத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு ரிக்‌ஷா ஏறிவிடுவேன். மாலையில் டீ போட்டால் அந்த வாசனை எனக்கே ஆகாது. என் டம்ளரைச் செம்பருத்திக்கு ஊற்றினேன்.

ஒரு சனிக்கிழமை மாலை ஊற்றிவிட்டுத் திரும்பினால் மாமா நின்றுகொண்டிருந்தார். கையில் அவருடைய டம்ளர். காலியாக, முழுதும் குடித்தது. செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீனா அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கம்போல அவளிடம் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் மீனாவிடம் சொல்லவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கிளார்க் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, என்னை முன்பின் தெரியாதவர் மாதிரி, இழுத்து இழுத்து வரும் தன் மலாயில் கேட்டார்.

"இஞ்சே, சாக்கிட் அபா?"

நானும் மலாயில் சொன்னேன்.